அமெரிக்க ஹைஸ்கூல் பட்டமளிப்பில் கல்விச் சிறப்பு பெறுவது எப்படி?

ஜூன் மாதத் தொடக்கத்தில் வட கரோலினாவின் கேரி, ஏபெக்ஸ் பகுதிகளில் உள்ள ஒரு ஹைஸ்கூலின் பட்டமளிப்பு விழாவுக்கு முதன்முறையாகப் போகும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு குழப்பம் வரும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நிற அங்கியும் தட்டைத் தொப்பியும் அணிந்து வரிசையாக வருவார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் கழுத்தில் ஒன்றும் இருக்காது. அடுத்த பிள்ளையின் கழுத்தில் முனைகளில் குஞ்சம் வைத்த முறுக்குக் கயிறுகள் நான்கைந்து தொங்கும். இன்னொரு பிள்ளையின் தோளில் துண்டு போட்டது போல ஓர் அகலப் பட்டை கிடக்கும். கையில் கொடுத்த விழா ஏட்டைப் புரட்டினால் சில பெயர்களுக்குப் பக்கத்தில் லத்தீன் சொற்கள் இருக்கும். இவை எல்லாம் என்ன, யார் கொடுத்தார்கள், நம் பிள்ளைக்கு ஏன் இல்லை என்ற கேள்விகள் அந்த அரங்கில்தான் பலருக்கு முதலில் எழுகின்றன. அப்போது விடை தெரிந்து பயனில்லை, ஏனென்றால் அந்தச் சிறப்புகளுக்கான கணக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்த நமக்குப் பள்ளிப் படிப்பின் மதிப்பு என்றால் பிளஸ் டூ பொதுத்தேர்வுதான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியதை யாரும் பிறகு கேட்பதில்லை. அமெரிக்காவில் அப்படியொரு கடைசித் தேர்வு இல்லை. ஒன்பதாம் வகுப்பின் முதல் பருவம் தொடங்கி பிள்ளை எடுத்த ஒவ்வொரு பாடமும், அதில் பெற்ற தரமும் டிரான்ஸ்கிரிப்ட் என்னும் ஒரே பதிவுத்தாளில் ஏறிக்கொண்டே போகும். பட்டமளிப்பன்று அறிவிக்கப்படும் சிறப்பு அந்தத் தாளின் சராசரியிலிருந்து வருவது. தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, "நைன்த் தானேங்க, லெவன்த், ட்வெல்த்துல பாத்துக்கலாம்" என்று பெற்றோர் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். என் மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது நானும் அதையே சொன்னேன். அது தவறு என்று எனக்குப் புரிந்தபோது அவள் பதினோராம் வகுப்பில் இருந்தாள். வேறு பெற்றோருக்கு அந்தத் தாமதம் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கல்விச் சிறப்புக்கு நாடு முழுவதற்குமான விதி எதுவும் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மட்டுமின்றி, ஒரே மாநிலத்துக்குள் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் அது மாறும். ஆகவே பொதுவாகப் பேசுவதைவிட, ராலே நகரை உள்ளடக்கிய வேக் கவுண்டிப் பள்ளி மாவட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்குவது எளிது. அடிப்படைக் கணக்கு புரிந்துவிட்டால் வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் மாவட்டத்தின் எண்களை அதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஜி.பி.ஏ. எனப்படும் தரப்புள்ளிச் சராசரி. வட கரோலினாவில் ஒரு பாடத்தில் 90 முதல் 100 வரை பெற்றால் ஏ, 80 முதல் 89 வரை பி, 70 முதல் 79 வரை சி, 60 முதல் 69 வரை டி, அதற்குக் கீழே எஃப். ஏ என்றால் 4 புள்ளி, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1, எஃப் என்றால் ஒன்றுமில்லை. எல்லாப் பாடங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அன்வெயிட்டட் ஜி.பி.ஏ.; அதன் உச்சம் 4.0.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கம் நம்மை வழிதவறச் செய்யும் இடம் இது. இந்தக் கணக்கில் 90 பெற்றவருக்கும் 100 பெற்றவருக்கும் ஒரே 4 புள்ளிதான். ஆனால் 89 பெற்றவருக்கும் 90 பெற்றவருக்கும் இடையே ஒரு முழுப் புள்ளி வேறுபாடு இருக்கிறது. நூற்றுக்கு நூறு என்பதற்கு இங்கே தனி மதிப்பு கிடையாது. கணக்கில் 96 வாங்கும் பிள்ளையை 99 ஆக்குவதற்கு டியூஷன் அனுப்பிவிட்டு, வரலாற்றில் 88இல் நிற்பதைக் கவனிக்காமல் விடும் பெற்றோர் உண்டு. ஜி.பி.ஏ.யை நிர்ணயிப்பது அந்த 88தான். பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது எந்தப் பாடம் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது, எல்லாப் பாடத்திலும் இன்னும் கொஞ்சம் படி என்று சொல்வதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

அடுத்தது வெயிட்டட் ஜி.பி.ஏ. கடினமான பாடத்தில் பெற்ற தரத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுப்பது இது. வட கரோலினாவில் 2015-16 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் முதல், சாதாரணப் பாடத்தைவிட ஒரு படி கடினமான ஹானர்ஸ் நிலைப் பாடம் ஒன்றுக்கு அரைப் புள்ளியும், ஏ.பி. எனப்படும் கல்லூரி நிலைப் பாடத்துக்கும் ஐ.பி. எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டப் பாடத்துக்கும் ஒரு முழுப் புள்ளியும் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. சமுதாயக் கல்லூரியில் எடுக்கும், பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க பாடங்களுக்கும் ஒரு புள்ளி கூடுகிறது. ஆகவே சாதாரணப் பாடத்தில் ஏ பெற்றவருக்கு 4, ஹானர்ஸ் பாடத்தில் ஏ பெற்றவருக்கு 4.5, ஏ.பி. பாடத்தில் ஏ பெற்றவருக்கு 5. ஏ.பி. பாடத்தில் பி வாங்கினாலும் 4 கிடைக்கும், அதாவது சாதாரணப் பாடத்தின் ஏ அளவுக்கு.

வேக் கவுண்டியில் பட்டமளிப்பின்போது தரப்படும் லத்தீன் சிறப்புகள் இந்த வெயிட்டட் கணக்கை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. அந்த முறை வகுக்கப்பட்டபோது 3.75 முதல் 4.0க்குச் சற்றுக் கீழே வரை இருப்பவர்கள் கும் லாவ்டே, 4.0 முதல் 4.25க்குக் கீழே வரை மாக்னா கும் லாவ்டே, 4.25உம் அதற்கு மேலும் சும்மா கும் லாவ்டே என்று வரையறுத்தார்கள். லத்தீனில் கும் லாவ்டே என்றால் புகழோடு, மாக்னா என்றால் பெரும் புகழோடு. நம் காதுக்குச் 'சும்மா' என்று ஒலிக்கும் சொல்லுக்கு அங்கே 'மிக உயர்ந்த' என்று பொருள். மூன்றிலும் அதுவே உச்சம். தமிழர்கள் சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் சொல்லி வைக்கிறேன்.

இனி ஒரு டிரான்ஸ்கிரிப்டைக் கிட்டத்தில் பார்ப்போம். வேக் கவுண்டியின் பல பள்ளிகளில் பருவத்துக்கு நான்கு பாடம், ஆண்டுக்கு எட்டுப் பாடம். ஏழு பருவம் முடிந்த நிலையில் 28 பாடங்கள் இருக்கும். ஒரு மாணவி எல்லாப் பாடங்களையும் சாதாரண நிலையிலேயே எடுத்து 28இலும் ஏ பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 112ஐ 28ஆல் வகுத்தால் 4.0; அவளுக்கு மாக்னா. இன்னொரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் எட்டுப் பாடத்திலும் பி வாங்குகிறான். அதன்பின் விழித்துக்கொண்டு மீதி இருபதிலும் ஏ வாங்குகிறான். அவனது மொத்தப் புள்ளி 24உம் 80உம் சேர்ந்து 104, அன்வெயிட்டட் சராசரி 3.71. முதலாண்டின் எட்டு பி அடுத்த இரண்டரை ஆண்டுக்கும் கூடவே வருவதைக் கவனியுங்கள். இருபது ஏ சேர்ந்தும் அந்த எட்டைக் கரைக்க முடியவில்லை. கூடுதல் புள்ளி எதுவும் இல்லாவிட்டால் கும் லாவ்டேவுக்கான 3.75கூட அவனுக்குக் கிடைக்காது. ஆனால் அவன் எடுத்தவற்றில் 9 ஏ.பி. பாடங்களும் 12 ஹானர்ஸ் பாடங்களும் இருந்தால், 9உம் 6உம் சேர்ந்து 15 புள்ளி கூடும்; 119ஐ 28ஆல் வகுத்தால் மிகச் சரியாக 4.25. எட்டு பி வாங்கிய அவனுக்குச் சும்மா கும் லாவ்டே. ஒரு பி கூட வாங்காத அவளுக்கு அதற்கு ஒரு படி கீழே.

இது நியாயமா என்று கேட்டால், பெருமளவுக்கு நியாயம் என்பதே என் எண்ணம். கடினமான பாடத்தை எடுக்கத் துணிந்தவரை அந்தத் துணிவுக்காகத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் இந்த முறையின் நோக்கம். ஆனால் இதற்குள் ஒரு முள்ளும் இருக்கிறது. அதே மாணவன் இருபத்தொன்பதாவது பாடமாக ஆர்க்கெஸ்ட்ராவைச் சாதாரண நிலையில் எடுத்து அதில் ஏ வாங்குகிறான் என்று கொள்ளுங்கள். மொத்தம் 123, வகுப்பது 29ஆல், விடை 4.24. முழு ஏ வாங்கியதாலேயே அவன் உச்சச் சிறப்பிலிருந்து இறங்கிவிடுகிறான்! 4.25 சராசரியோடு 4 சேரும்போது சராசரி இறங்கத்தானே செய்யும்? வயலின் வாசிக்க விரும்பும் பிள்ளைகள் புள்ளிக்காக அதைக் கைவிட்டு, விருப்பமே இல்லாத இன்னொரு ஏ.பி. பாடத்தில் உட்காரும் நிலை இப்படித்தான் உருவாகிறது. என்னைக் கேட்டால் வயலினை விடாதீர்கள் என்பேன். எந்தக் கல்லூரியும் 4.24ஐயும் 4.25ஐயும் வெவ்வேறாகப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

இந்தப் போட்டி முதலிடத்துக்கானதாக இருக்கும்போது இன்னும் கூர்மையாகிவிடுகிறது. வகுப்பில் முதலாவதாக வருபவர் வேலடிக்டோரியன், இரண்டாமவர் சலுட்டடோரியன். விடைபெறும் உரை நிகழ்த்துபவர், வரவேற்புரை நிகழ்த்துபவர் என்பவை அச்சொற்களின் மூலப் பொருள்கள். இரண்டு பேருக்கிடையே தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாவது இலக்கத்தில் முடிவாகும் பட்டம் அது. பாடத்தை ஆர்வத்துக்காக இல்லாமல் புள்ளிக்காகத் தேர்ந்தெடுக்கும் போக்கையும் ஆரோக்கியமற்ற போட்டியையும் காரணம் காட்டி, வேக் கவுண்டிப் பள்ளி வாரியம் 2016இல் இந்த இரு பட்டங்களையும் கைவிடத் தீர்மானித்தது; 2019ஆம் ஆண்டுப் பட்டதாரிகள் முதல் லத்தீன் சிறப்புகள் நடைமுறைக்கு வந்தன. எல்லையைத் தாண்டிய அனைவருக்கும் சிறப்பு என்பதால் ஒரு பிள்ளை உயர இன்னொரு பிள்ளை தாழ வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டதும் ஏறக்குறைய இதே கவலையால்தான்.

ஆனால் டெக்சாஸில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தரவரிசையை அலட்சியம் செய்துவிடக் கூடாது. அங்கே 1997இல் இயற்றப்பட்ட சட்டப்படி வகுப்பின் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. இடநெருக்கடி காரணமாக ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் அந்த எல்லையைக் குறுக்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்ப் பருவச் சேர்க்கைக்கு முதல் 5 விழுக்காடு என்று அறிவித்திருக்கிறது. பள்ளியில் முதலிடம் பெற்றவருக்கு மாநிலப் பொதுக் கல்லூரிகளில் முதலாண்டுக் கல்விக் கட்டண விலக்கும் உண்டு. அங்கே தரவரிசை என்பது சேர்க்கையையும் பணத்தையும் நேரடியாகத் தொடும் விஷயம்.

இனி அந்தக் கயிறுகளுக்கு வருவோம். அவை எல்லாம் மதிப்பெண்ணுக்கானவை அல்ல. பலரும் அணியும் பொன்னிறக் கயிறு பெரும்பாலும் நேஷனல் ஹானர் சொசைட்டி உறுப்பினருக்கானது. நாடு தழுவிய இந்த அமைப்பை உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் 1921இல் தொடங்கியது. கல்வி, சேவை, தலைமை, நன்னடத்தை என்னும் நான்கும் இதன் தூண்கள். தேசிய அளவில் குறைந்தது 3.0 ஜி.பி.ஏ. வேண்டும், ஒவ்வொரு பள்ளிக் கிளையும் அதற்கு மேலாக எல்லையை உயர்த்திக்கொள்ளலாம், பல கிளைகள் உயர்த்தியும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது முதல் தூணில் அல்ல, இரண்டாவதில். சேவை மணிநேரத்தை விண்ணப்பிக்கும் மாதத்தில் அவசரமாகத் திரட்ட முடியாது. தமிழ்ப்பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுப்பது, நூலகத்தில் உதவுவது போன்றவை ஏற்கப்படுமா என்று கிளையின் பொறுப்பாசிரியரிடம் முன்னதாகக் கேட்டு, ஏற்கப்படுமானால் நாள், மணி, கையொப்பம் ஆகியவற்றோடு அன்றன்றே எழுதி வைப்பது நல்லது.

ஏ.பி. பாடத்தில் இரண்டு தனித்தனி மதிப்பீடுகள் உண்டு என்பதையும் பலர் கலந்துவிடுகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் தரும் ஏ, பி என்னும் தரம் ஜி.பி.ஏ.யில் சேரும். மே மாதத்தில், ஏ.பி. திட்டத்தை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு வைக்கும் தேர்வில் 1 முதல் 5 வரை தரப்படும் எண் வேறு. அது ஜூலையில்தான் வரும் என்பதால் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் தேர்வின் முடிவு பட்டமளிப்புக்குப் பிறகே தெரியும். மூன்று தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றவர் ஏ.பி. ஸ்காலர் எனப்படுவார், ஐந்து தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேலும், எழுதிய எல்லாத் தேர்வுகளிலும் சேர்த்துச் சராசரியாக 3.5உம் பெற்றவருக்கு அதன் உயர்நிலை விருது கிடைக்கும். இது காலேஜ் போர்டின் விருது, பள்ளியின் சிறப்பு அன்று. இதுபோலவே, எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாகப் பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வைக் கொண்டு வழங்கப்படும் நேஷனல் மெரிட் அங்கீகாரமும் ஜி.பி.ஏ. கணக்கில் சேராத தனி வழி.

ஹைஸ்கூல் படிப்பை முடித்ததற்கான சான்றிதழான டிப்ளமோவிலேயே பதியும் மாநிலச் சிறப்புகள் சில உண்டு. அவற்றில் ஒன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. வட கரோலினாவில் குளோபல் லாங்குவேஜஸ் எண்டார்ஸ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பாடங்கள் நான்கிலும் அன்வெயிட்டட் 2.5 சராசரி வேண்டும். அதோடு வேறு ஒரு மொழியில் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். பள்ளியில் அம்மொழியை நான்கு நிலை படித்தும் காட்டலாம், அங்கீகரிக்கப்பட்ட மொழித் தேர்வு எழுதியும் காட்டலாம். இதே போன்றதுதான் இருமொழி எழுத்தறிவு முத்திரை (சீல் ஆஃப் பைலிட்டரசி); கலிபோர்னியா 2011இல் சட்டமியற்றி முதலில் தொடங்கிய அது இப்போது அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் தமிழில் தேர்வெழுதி அதைப் பெற்றிருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, வார இறுதியில் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அந்த உழைப்பு டிப்ளமோவில் பதிவாவது சிறிய விஷயமன்று. எந்தத் தேர்வை உங்கள் மாவட்டம் ஏற்கிறது, தமிழுக்கு அது உண்டா என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே பள்ளியின் கவுன்சலரிடம் கேட்டுவிடுங்கள். தானாக வந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

நடைமுறையில் முதல் படி எட்டாம் வகுப்பின் பின்பாதியில் வரும் பாடப்பதிவுப் படிவம். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தைச் சாதாரண நிலையிலா ஹானர்ஸ் நிலையிலா எடுப்பது என்ற ஒரு கட்டம் அதில் இருக்கும். அந்தக் கட்டத்தில் போடும் குறிதான் இதுவரை பார்த்த கணக்கின் முதல் வரி. நடுநிலைப் பள்ளியிலேயே எடுத்து முடித்த ஹைஸ்கூல் கணிதப் பாடம் வட கரோலினாவில் டிரான்ஸ்கிரிப்டில் ஏறும், ஆனால் ஜி.பி.ஏ.யில் சேராது, வேறு சில மாநிலங்களில் சேரும். இதற்காக எல்லாவற்றையும் ஹானர்ஸ் ஆக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதாரணப் பாடத்தின் ஏ 4 புள்ளி, ஹானர்ஸ் பாடத்தின் பி 3.5 புள்ளி. பிள்ளைக்கு வலுவான இரண்டு மூன்று பாடங்களில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஒன்றிரண்டைக் கூட்டிக்கொண்டு போவதே தாங்கக்கூடிய வழி. பதினோராம் வகுப்பில் ஐந்து ஏ.பி. பாடத்தை ஒரே ஆண்டில் எடுத்து, இரவு இரண்டு மணிக்கு மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்தக் கயிறும் ஈடாகாது.

கல்லூரி விண்ணப்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே போய்விடுகின்றன. முடிவுகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலுக்குள் வந்துவிடும். லத்தீன் சிறப்பு அறிவிக்கப்படுவது அதற்குப் பிறகு. எனவே அந்தப் பட்டத்தைக் கொண்டு யாரும் கல்லூரியில் சேருவதில்லை; அதை உருவாக்கிய பாடங்களையும் தரங்களையும்தான் கல்லூரி பார்க்கிறது. இடம் கிடைத்துவிட்டது என்று கடைசிப் பருவத்தில் கைவிடும் பிள்ளைகளும் உண்டு. கல்லூரி தரும் இடம் இறுதி டிரான்ஸ்கிரிப்டுக்கு உட்பட்டது. எல்லைக்கோட்டில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஹானர்ஸ் பாடம் ஒன்றில் பி போய் சி வந்தாலே 119 என்பது 118 ஆகி, 4.25 என்பது 4.21 ஆகிவிடும். சிறப்புக்கு எந்தப் பருவம் வரையிலான தரங்கள் எடுத்துக்கொள்ளப்படும், எந்தத் தேதியில் பட்டியல் முடிவாகும், கயிறுகளைப் பள்ளியே தருமா அல்லது நாம் வாங்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளையும் ஜனவரி மாதத்திலேயே கவுன்சலருக்கு ஒரு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் அதைப் பிள்ளையிடமும் காட்டுங்கள்.